பட்டாளத்து ஹெட்போன்

எங்கள் வீட்டில் அடி விழுவது பெரிய விஷயமே இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் அம்மாவுக்கு, பட்டறையில் ஸ்பேனர் இடம் மாறினால் அண்ணனுக்கு, எதிர்த்துப் பேசினால் எனக்கு. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், அதனால் என் பங்கும் அதிகம். இதைச் சொன்னால் இப்போதும் யாராவது ஒருத்தி, “அந்தக் காலத்து மனுஷன், பாசத்தை வேற எப்படிக் காட்டுவாரு” என்று ஆரம்பிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாசத்தைக் காட்ட எதற்கடி ரோத்தான் பிரம்பு?

மலாக்காவின் காஜா பேராங்கில் சாலையைப் பார்த்த மரவீடு எங்களுடையது. அதை ஒட்டித் தகரக் கொட்டகையில் அப்பாவின் லோரிப் பட்டறை. எதிர்வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும். வீட்டுக் கிழவி மட்டும் என்னைப் பார்த்தால் “தங்கச்சி” என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் முதலில் கேட்பது அவள் காதுக்குத்தான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. ஊரெல்லாம் கொடி மாறியது, அப்பாவின் கை மட்டும் மாறவில்லை. அந்த வருஷம்தான் அண்ணன் ஒரு ஹவாயன் கித்தாரைக் கொண்டுவந்தான். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் விட்டுவிட்டுப் போனது. மடியில் படுக்க வைத்து, இடது கையில் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிமேல் இழுக்க வேண்டும். அண்ணன் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போகும் ஒரு பாண்டு வைத்திருந்தான். தனக்கென்றுதான் வாங்கினான். பத்து நாள் முயன்றும் அவன் இழுத்தால் பூனை கத்தியது, நான் இழுத்தால் பாட்டு வந்தது. அவனுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நல்ல மனசு. “தீபாவளி ஷோவுல நீ வாசிக்கிற” என்று சொல்லிவிட்டான்.

அப்பாவிடம் சொன்னபோது தட்டு பறந்தது. பொம்பளைப் பிள்ளை மேடையில் உட்காருவதா? ஊர் என்ன சொல்லும்? அம்மா என்னென்னவோ சொல்லி அவரைக் கொஞ்சம் இறக்கினாள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: “தீபாவளிக்கு வாசிக்கட்டும். ஆனா அதுவரைக்கும் இந்த வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சு, அதைச் சம்மட்டியால ஒடச்சு அடுப்புல வைப்பேன்.”

அவர் சொன்னால் செய்வார். அண்ணனின் புல்லாங்குழலை அப்படித்தான் செய்தார்.

அண்ணனுக்குத் தந்தி, டெலிபோன் கம்பி இழுக்கும் வேலை. வீட்டு வால்வு ரேடியோவின் பின்னால் கிராமபோன் மாட்டும் ஓட்டையில் கித்தாரின் ஒயரைச் செருகினான். கித்தார் ரேடியோவின் ஸ்பீக்கரில் பேசியது. பிறகு எங்கிருந்தோ பழைய பட்டாளத்து ஹெட்போன் ஒன்றைப் பிடித்து வந்தான். கறுப்பு, கனமான இரும்பு வளையம், போட்டால் காது இரண்டும் சுடும். ரேடியோவின் பக்கவாட்டில் துளை போட்டு டெலிபோன் போர்டில் இருப்பது மாதிரி ஒரு சாக்கெட் வைத்தான். ஹெட்போனின் பித்தளைப் பிளக்கை அதில் முழுசாகச் செருகினால் உள்ளே ஒரு தகடு நிமிரும், ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், சத்தம் என் காதுக்கு மட்டும் வரும். பிளக்கை உருவினால் தகடு படுத்துக்கொள்ளும், ஸ்பீக்கர் பழையபடி கத்தும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்த ஹெட்போனுக்குள் நான் ராணி. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அப்பாவின் சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது. வெளியே அம்மாவுக்கு அடி விழுந்துகொண்டிருக்கும், நான் உள்ளே ஜோகெட், மலாய் ஆட்டப் பாட்டு, வாசித்துக்கொண்டிருப்பேன். அம்மா கத்தியது அப்போது எனக்குக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் அப்பா அடிக்க மாட்டார். விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, தன் கையாலேயே சந்தனம் குழைப்பார். தண்ணியாக இருந்தால் சாமிக்கு ஆகாது என்று கெட்டியாகக் குழைப்பார். ஜாக்கி, சம்மட்டி, ஸ்பேனர், லோரியின் முகப்பு, அம்மாவின் அரிவாள்மனை, தையல் மெஷின், இரும்பும் பித்தளையுமாக எது கண்ணில் பட்டாலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அண்ணன் தைரியமாக என் கித்தாரையும் ஹெட்போனையும் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்தான். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷம் கித்தார் முற்றத்தில் வந்து விழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள், விஜயதசமியன்று, எடுத்துத் தொட்டு வேலை செய்தே ஆக வேண்டும். லோரிக்காரன் லோரியைக் கொஞ்சமாவது நகர்த்துவான். வாசிப்பவர்கள் ரெண்டு வரியாவது வாசிப்பார்கள். இல்லாவிட்டால் வருஷம் பூரா கை வராது என்பார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். என் கித்தாரின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அப்பாதான் வைத்திருக்கிறார்! பிறந்ததிலிருந்து அந்த மனுஷன் என் தலையில் கை வைத்து ஒரு ஆசீர்வாதம் செய்ததில்லை. கித்தாரின் தலையில் வைத்திருந்தார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அன்று காலையில்தான் எதிர்வீட்டுக் கிழவி செத்துப்போனாள். வாசலில் கித்தான் பந்தல் கட்டி, நாற்காலி போட்டு, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பாடை கட்டுவது தெரிந்தது.

“இன்னைக்கு வேணாம்டி,” என்றாள் அம்மா.

“தொட்டு வாசிக்காம விடக் கூடாதும்மா. சத்தம் எங்க வரப் போவுது? காதுலதானே?”

“எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“உங்களுக்கு எப்பதான் பயமில்ல?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ரேடியோவைப் போட்டேன். வால்வு சிவந்தது. ஹெட்போனை மாட்டி, பிளக்கை அழுத்திச் செருகி, கட்டையை வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. காதில் ஒரு இரைச்சல்கூட இல்லை. சத்தம் கூட்டும் திருகைக் கொஞ்சம் கூட்டினேன், இல்லை. முழுசாகத் திருப்பினேன், அப்போதும் இல்லை. சாமி வந்த மாதிரி ஒரு வேகம் எனக்கு. தீபாவளி வாசலில் நிற்கிறது, இந்த சனியன் இன்றைக்கா சாக வேண்டும்? வலது கை ஜோகெட் தாளத்தில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்க, கட்டையைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் பிளக்கைப் பிடித்து ஆட்டினேன். அது பாதி வெளியே வந்தது.

தகடு படுத்துக்கொண்டது. ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

ஐயோ, அந்தச் சத்தம்! முழுத் திருகில் அந்த ஜோகெட் தாளம் வீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. ஒப்பாரி நின்றது. கித்தானுக்குக் கீழே இருந்த அத்தனை தலையும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. பிணத்துக்கு முன்னால் கல்யாண வீட்டு ஆட்டப் பாட்டு. நான் திருகைத் தேடினேன், பதற்றத்தில் கை கித்தாரில் பட்டு இன்னும் நாலு கம்பி அலறியது.

அப்பா சாலையைத் தாண்டி வந்ததை நான் பார்க்கவில்லை. கதவு பிளந்ததைத்தான் பார்த்தேன். ஹெட்போனைத் தலையிலிருந்து பிடுங்கிச் சுவரில் வீசினார். அது இருந்த இடத்திலேயே, இடது காதோடு சேர்த்து, விரித்த கையால் அறைந்தார். லோரி டயரைத் தூக்கிப் போடுகிற கை அது. நான் நாற்காலியோடு போய் விழுந்தேன். இன்னொரு அறை, அதே இடத்தில். தலைக்குள் யாரோ தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று.

“சாவு வீட்டு முன்னால மானத்தை வாங்கிட்டியேடி மூதேவி!”

கித்தாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். நான் எழுந்து ஓடினேன். குறுக்கே வந்த அம்மாவை ஒரு உதை, அவள் படியில் சரிந்தாள். நான் அவருடைய கையைப் பிடித்துக் கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. வாயில் உப்புக் கரித்தது. அவர் என்னை உதறிய வேகத்தில் என் முதுகு இரும்பு மேஜையில் மோதியது. கித்தாரை அதன்மேல் கிடத்திச் சம்மட்டியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சாப்பிட வந்தான். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தான். பெற்றவனும் பிள்ளையும் கிரீஸ் தரையில் கட்டிப் புரண்டார்கள். அப்பாவின் முழங்கை அண்ணனின் வாயில் இடித்தது, பல் ஒன்று போனது. அண்ணன் அப்பாவின் கழுத்தை நெரித்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. விட்டிருந்தால் கொன்றிருப்பான். விட்டிருந்தால் அவர் அவனைக் கொன்றிருப்பார். நான் விடு விடு என்று கத்தவில்லை. “நெரி அண்ணே!” என்றுதான் கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன்.

பிரித்தவர் எதிர்வீட்டுக் கிழவியின் மகன். இறுதிச் சடங்கு செய்ய வேண்டியவர், மேல்சட்டை இல்லாமல் ஈர வேட்டியோடு வந்து இருவர் நடுவிலும் தன் உடம்பை நுழைத்தார். “சுடாலா, சுடாலா,” போதும் போதும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே சம்மட்டியைப் பிடுங்கினார். தன் அம்மா ஜோகெட் என்றால் உயிரை விடுவாள், சாவு வீட்டுக்காரன் எனக்கே கோபமில்லை, உனக்கு எதற்கு இத்தனை கோபம் என்று அப்பாவைக் கேட்டார்.

“பொட்டி கெட்டுப்போச்சு, காதுல சத்தமே வரல,” என்று நான் கத்தினேன். சாவு வீட்டுக்காரர் சொன்னபிறகு அப்பாவால் கை ஓங்க முடியாது. ஆனால் விட்டுவிடவும் முடியாது.

“இவ வேணும்னே செஞ்சா,” என்றார் அண்ணனிடம். “என்னை ஊர் முன்னால அசிங்கப்படுத்தச் செஞ்சா. பொட்டி கெட்டிருந்தா எங்க கெட்டிருக்குன்னு காட்டுடா. பெரிய லைன்மேன்தானே நீ! அடக்கம் முடிஞ்சு வர்றேன். காட்டல, சாமி சத்தியமா ஒடைப்பேன். எவன் வந்தாலும் ஒடைப்பேன்.”

போய்விட்டார். அண்ணன் வாயைக் கொப்பளித்துச் சிவப்பாகத் துப்பிவிட்டு உட்கார்ந்தான்.

“அழுவாத. பாப்போம்.”

“நான் எங்க அழுவுறேன்? பாரு முதல்ல.”

ரேடியோவில் நிலையம் பிடித்தான், பாடியது. ரேடியோ நல்லாயிருக்கிறது. கித்தாரை ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துத் தட்டினான், வந்தது. கித்தாரும் அதன் ஒயரும் நல்லாயிருக்கின்றன. மிச்சம் சாக்கெட்டும் ஹெட்போனும்தான். சாக்கெட்டைக் கழற்றித் தகட்டை விரலால் நிமிர்த்தினான், ஸ்பீக்கர் நின்றது, விட்டான், வந்தது. பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டினான். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் ஒயர் நுனிகளை டார்ச்லைட் பேட்டரியில் தொட்டுத் தொட்டு எடுத்தான்.

“டிக்குனு கேக்குதா?”

“கேக்குது.”

“ரெண்டு பக்கமும்?”

“வலது மட்டும். இடது செத்துப்போச்சு. செவுத்துல அடிச்சாருல்ல, அதான்.”

இடது மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே தகடு நெளியவில்லை, கம்பி அறவில்லை. மூடித் தன் காதில் மாட்டிக்கொண்டு பேட்டரியைத் தொட்டான். அவன் புருவம் சுருங்கியது. மறுபடி தொட்டான்.

“ரெண்டும் வருதே. ரெண்டும் ஒரே கம்பியில வரிசையா கோத்தது. ஒண்ணு செத்தா இன்னொண்ணும் சாவணும்.”

என் தலையிலிருந்து எடுத்து, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, மறுபடி மாட்டினான். இப்போது இடது காதில் இருப்பது வலப்பக்கத்துக் கிண்ணம். தொட்டான்.

“இப்ப?”

வலது காதில்தான் டிக்கென்றது. இடது காதில் சுவர்தான் இருந்தது. தகரம் கிழிந்த அந்த இடத்தில் ஊய் என்று ஒரு காற்று, அவ்வளவுதான். நான் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் ஈரம், லேசான சிவப்பு.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் எழுந்தான். பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

“எங்க போற?”

“அந்தாளு மண்டையப் பொளக்கப் போறேன்.”

“பொளந்துட்டு ஜெயிலுக்குப் போ. என் கித்தாருக்கு யாரு பதில் சொல்றது? ஒக்காரு! பொட்டி ஏன் பேசலன்னு கண்டுபிடி. காது போனது போச்சு, கித்தாரும் போகணுமா?”

அவன் உட்கார்ந்து அழுதான். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகிற நேரமா அது? அம்மா படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே தரையில் கிடந்த பிளக்கை எடுத்தேன். ஒயரை மறுபடி மாட்டத் துடைக்கலாம் என்று நுனியைத் தேய்த்தபோது நகத்தில் ஏதோ பொடியாக உதிர்ந்தது. பித்தளை பளபளக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு, உச்சியில் சிவப்பாகப் புள்ளி. மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

அப்பா குழைத்த கெட்டிச் சந்தனம், குங்குமத்தோடு, பிளக்கின் நுனியில் காய்ந்து கல்லாகியிருந்தது. கித்தாரோடு நிறுத்தவில்லை அவர். சுருட்டி வைத்திருந்த ஒயரின் முனையில் மினுங்கிய பித்தளைக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அந்தப் பொருக்குத்தான் நடுவில் நின்று சத்தத்தைத் தடுத்துவிட்டது. செருகியதும் ஸ்பீக்கரும் மூடிக்கொண்டது, ஹெட்போனும் பேசவில்லை. நான் திருகை ஏற்றினேன்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து அப்பா வந்தார். சாவுக்குப் போய் வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது. கொல்லைக் குழாயடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நானே போனேன். அண்ணன் பின்னால் வந்தான், ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருந்தது.

“என்ன, கண்டுபிடிச்சானா?” என்றார் கண்ணைத் துடைத்தபடி.

பிளக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “இது யாரு வச்சதுப்பா?”

பார்த்தார். முகர்ந்தார். அவரும் மெக்கானிக்தானே, பேட்டரி முனையில் அழுக்குப் பிடித்தால் லோரி எழுந்திருக்காது என்று அவருக்கா தெரியாது? எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முகம் என்னவோ மாதிரி ஆனது.

“சாமிக்கு வச்சேன்,” என்றார். “உனக்கு நல்லா வரணும்னுதான் வச்சேன்.”

ஈரக் கையோடு பட்டறைக்குப் போனார். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து பிளக்கைத் துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார். உள்ளே வந்து தானே செருகினார். ஹெட்போனை எடுத்துத் தன் கையால் என் தலையில் மாட்டிவிட்டு, கித்தாரின் கம்பியை ஒரு விரலால் தொட்டார்.

“கேக்குதா?”

“வலது கேக்குது.”

“இடது?”

அண்ணன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“ஹெட்போன் நல்லாயிருக்குப்பா. காதுதான் போச்சு. காலையில நீங்க அடிச்சீங்கல்ல, அதுல.”

நம்பவில்லை அவர். இடது பக்கமாக வந்து என் காதருகே விரலைச் சொடுக்கினார். நான் திரும்பவில்லை. என் பெயரைச் சொன்னாராம், அம்மா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. பிறகு என் எதிரில் வந்து நின்று, அதே கையால் தன் காதிலேயே அறைந்துகொண்டார். விட்டுவிட்டு இல்லை, விடாமல். மோதிரம் கிழித்துக் கன்னத்தில் ரத்தம் வந்தது. அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். அண்ணன்கூட ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தான்.

நான் பிடிக்கவில்லை. “விடுங்க, அடிச்சிக்கட்டும்,” என்றேன். “அதுல ஒண்ணும் எனக்குத் திரும்பி வராது. சும்மா வீட்டுல ரத்தம்தான் ஆவும்.”

பிறகு கித்தாரை எடுத்து மடியில் வைத்து வாசித்தேன். விஜயதசமியாச்சே, தொட்டாயிற்று, இரண்டு வரியாவது ஒழுங்காக வாசிக்க வேண்டாமா? ஹெட்போனில் பாதி உலகம்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் சவ்வு கிழிந்திருக்கிறது, உள்ளேயும் கெட்டிருக்கிறது என்றார்கள். அது திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு அப்பா என்மேல் கை வைத்ததில்லை. அம்மாவை அடிப்பதை நிறுத்த இன்னும் வருஷங்கள் ஆயின. அதற்கு யாருடைய காது போக வேண்டியிருந்ததோ, அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தீபாவளி ஷோவில் வாசித்தேன். ரேடியோப் பெட்டியை அப்பாதான் தோளில் தூக்கி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். பாண்டுக்காரர்களை அண்ணன் என் வலது பக்கமாக நிறுத்தினான். ஜோகெட் முடிந்ததும் மண்டபம் எழுந்து ஆடிக் கத்தியது. அப்பா எனக்கு இடது பக்கத்தில், சுவரோரமாக நின்றிருந்தார். எல்லாரையும்விடப் பலமாகக் கையைத் தட்டினார் என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். அந்தக் கைகள் ஒன்றோடொன்று அறைந்துகொள்வதைப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.